எழுநூற்றுப் பதினோரு தப்பு விடைகள்

கரண்டு மீட்டரைப் போல வீடுகளில் சொல் மீட்டரும் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எட்டு வயது முடியாத குழந்தை இருக்கிற வீடுகளுக்கு மட்டும். சோப்புப் பெட்டி அளவில் வெள்ளையாக இருக்கும். அரசாங்க ஆட்கள் கூடத்துச் சுவரில் நாலு திருகாணி போட்டு முடுக்கிவிட்டுப் போவார்கள். வீட்டு மனிதர்களும் குழந்தையும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற சொற்களை அது எண்ணும். என்ன பேசினார்கள் என்பதை வைத்துக்கொள்ளாது, எத்தனை என்பதை மட்டும்தான். டிவி பேசினால் எண்ணாது. போனில் பேசினால் எண்ணாது. 'ம்' கொட்டினால் எண்ணாது.

இந்தக் கடைசி விதியில்தான் திருமூர்த்தி அடிபட்டார்.

அவர் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் பட்டறை. மற்ற மோட்டார்களுக்கெல்லாம் மெஷினே கம்பி சுற்றிவிடும். கிணற்றுக்குள் இறங்கும் அந்த நீள மோட்டாருக்கு மட்டும் ஆள் உட்கார்ந்து உள்ளே இருக்கிற பள்ளங்களில் ஸ்லாட்டு ஸ்லாட்டாகக் கையால் நுழைத்து இழுக்க வேண்டும். முப்பத்தெட்டுச் சுற்று என்றால் முப்பத்தெட்டு. முப்பத்தேழு போட்டாலும் மோட்டார் ஓடும்; ஆறு மாதத்தில் கருகும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. பதினெட்டு வயதில் பழகியது. நாற்பத்தொன்றில், எண்ணாத நேரத்திலும் அவர் திரும்புவதில்லை.

அவருடைய பங்கையும் சேர்த்து அவர் மனைவி பரிமளா பேசினாள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு அவளுடையது. ஒரே சேலையை நாற்பது விதமாகச் சொல்லத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த வித்தையை மகளிடம் காட்டுவாள். மகள் பெயர் சுடர்க்கொடி, கூப்பிடுவது சுடர். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, சமையல் மேடைமேல் மகளை உட்காரவைத்து ஒரு பொருளைப் பெயர் சொல்லாமல் விவரிப்பாள். சுடர் கண்டுபிடிக்க வேண்டும்.

விளையாட்டுக்குச் சட்டதிட்டம் இருந்தது. விடை எதுவானாலும் ஏன் அந்த விடை என்று சொல்லியாக வேண்டும். சும்மா அடித்துவிடுவது ஆகாது. ஒருதரம் சொன்ன தப்பு விடையை மறுபடி சொல்லக் கூடாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் பரிமளா விடையைச் சொல்லமாட்டாள். மறுநாள் அதே கேள்வி திரும்ப வரும். 'சுருங்கும், கிழியாது, கல்யாணத்துக்கு வராது' என்ற கேள்வி ஒன்று பதினோரு நாள் ஓடியது. விடை, துவைத்த பனியன்.

திருமூர்த்தி இதெல்லாம் நடக்கும்போது கூடத்தில் உட்கார்ந்து கையில் ஒட்டின வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருப்பார். "ஏனுங்க, நீங்களும் ஒண்ணு சொல்றது" என்பாள் பரிமளா. "ம்" என்பார். மீட்டர் அதை எண்ணாது. எண்ணாவிட்டால் என்ன, ஒரு நாளைக்கு மூவாயிரம் சொல் இருந்தால் போதும், அவர்கள் வீட்டில் ஒன்பதாயிரம் ஓடிக்கொண்டிருந்தது. வார்டிலேயே முதலாவது என்று கொடுத்த சான்றிதழ் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைக்குப் போக நின்ற பஸ் ஸ்டாப்பில் பரிமளா மயங்கி விழுந்தாள். மூளையில் ஒரு குழாய் வெடித்திருந்தது. பத்தரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அவள் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் இருந்தது. பத்து நாள் கழித்து அதைத் திருமூர்த்திதான் திறந்து கழுவினார்.

மீட்டர் ரீடிங் எடுக்கிற வசந்தமணி மாதம் மூன்றாம் தேதி வருவாள். சாவு நடந்த வாரம் அவளுக்குப் பதில் வேறு ஆள் வந்து ரீடிங் எடுத்துப்போனார். அடுத்த மாதம் வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"கேள்விப்பட்டேனுங்ணா. சாவுக்கு வர முடியலை. அன்னைக்கு எனக்கு மூணு காலனி ரீடிங்."

"பரவாயில்லீங்க."

அவள் கருவியை மீட்டரோடு வைத்துத் தட்டினாள். சீட்டு நாக்கு நீட்டுகிற மாதிரி வெளியே வந்தது. படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு சீட்டை அவரிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வீட்டுல வேற யாராச்சும் இருக்கறாங்களாண்ணா? அம்மிணியோட அக்கா, தங்கச்சி?"

"இல்லீங்க."

"நீங்க ஒரு நாளைக்கு இருநூத்திப் பன்னெண்டு."

"இருக்கும்."

"பாப்பா ஆயிரத்து நாப்பது." சீட்டை மறுபடி பார்த்தாள். "பரிமளா ரெண்டாயிரத்து எண்ணூத்தி அறுபது."

திருமூர்த்தி சுவரைப் பார்த்தார். மீட்டரில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அது செத்து முப்பத்தஞ்சு நாளாச்சுங்க," என்றார்.

"தெரியுமுங்ணா. கோளாறாத்தான் இருக்கோணும்."

"தொண்டையை வச்சுத்தானே கண்டுபுடிக்குது?"

"தொண்டையை வச்சு இல்லீங்ணா. சளி புடிச்சாத் தொண்டை மாறிப்போயிரும்ல. பேசற தினுசை வச்சுத்தான். யாரு கேக்கறாங்க, யாரு பதில் சொல்றாங்க. யாரு புதுசு புதுசாச் சொல் கத்துக்கறாங்க. அதை வச்சு இது அம்மா, இது கொழந்தைன்னு அதுவே போட்டுக்கும்." அவள் சீட்டை மடித்தாள். "ஆனா ஒண்ணுங்ணா. இறந்தவங்க பேசினதை நான் கணக்குல சேர்க்க முடியாது. கழிச்சுத்தான் எழுதோணும். கழிச்சா ஆயிரத்து இருநூத்திச் சொச்சம். செகப்பு."

"செகப்புன்னா?"

"மூணு ரீடிங் தொடர்ந்தாப்பல செகப்பு வந்தா, பாப்பாவை மொழி இல்லத்துக்குத் தாட்டி உட்டுருவாங்க. ரெண்டு வருசம். பண்டிகைக்கு அனுப்புவாங்க." சமையலறை வாசலில் சுடர் நிற்பதைப் பார்த்து அவள் குரலைத் தாழ்த்தினாள். "நல்லாத்தான் பாத்துக்குவாங்க. நெய்யெல்லாம் ஊத்தறாங்க."

மொழி இல்லத்தைப் பற்றித் திருமூர்த்திக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் அருள்தாஸ் குடும்பம் இருந்தது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. மகள் ஜெசிக்குக் கேட்கும். மூன்று பேரும் காலையிலிருந்து ராத்திரி வரை கையால் பேசிக்கொண்டே இருப்பார்கள். சண்டை போட்டால் ஜன்னல் வழியே பார்க்கிறவர்களுக்கே பயமாக இருக்கும். மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஜெசியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவளுக்கு நல்ல தமிழ் வந்திருந்தது. வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. கை மறந்துபோயிருந்தது. அம்மாவும் மகளும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்ததைத் திருமூர்த்தி படியேறும்போது பார்த்தார். பேச்சுப் போட்டியில் ஜெசிக்கு முதல் பரிசு கொடுத்திருந்தார்கள்.

"பரிமளாங்கற பேரை மீட்டர்ல இருந்து எடுத்துடட்டுங்களா? இல்லைன்னா மறுபடியும் இதே குழப்பம் வரும்," என்றாள் வசந்தமணி.

திருமூர்த்தி எதையோ எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி நின்றார்.

"எடுங்க," என்றார்.

அவள் எதையோ அழுத்தினாள். மீட்டர் ஒருதரம் பீப் என்றது. அவ்வளவுதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை பட்டறையில் கரண்டு போய்விட்டது. நாலரை மணிக்கே வீடு திரும்பினார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுடர் வீட்டில்தான் இருப்பாள். கதவு திறந்திருக்கும், எதிர்வீட்டுக் கோமளம் ஒரு கண் வைத்துக்கொள்வாள். படி ஏறும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது.

"அவசரப்படாத சாமி. நல்லா ரோசனை பண்ணு."

அந்த 'ரோசனை'யில் ஒரு இழுப்பு இருந்தது. அது பரிமளாவின் இழுப்பு. திருமூர்த்தி நாலாவது படியில் நின்றுவிட்டார்.

"கொடைங்கம்மா," என்றது சுடரின் குரல்.

"கொடையா? ஏன் கொடைங்கறே? காரணம் சொல்லோணும்ல."

எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. கோமளம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"தினமும் இப்படித்தானுங்க," என்றாள் மெதுவாக. "அம்மாவும் அதேதான், மகளும் அதேதான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நான் கதவைச் சாத்திக்குவேன்."

திருமூர்த்தி உள்ளே போனார். சுடர் சமையல் மேடைமேல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் காலிக் குக்கர் வைக்கப்பட்டிருந்தது. அவரைப் பார்த்ததும் அவள் வெட்கப்படவும் இல்லை, அழவும் இல்லை. வேலைக்கு நடுவே தொந்தரவு செய்யப்பட்டவளைப் போலப் பார்த்தாள்.

"என்ன கண்ணு பண்றே?"

"அம்மா கேட்ட கேள்வி ஒண்ணு பாக்கி இருக்குதுங்கப்பா. மொதல்ல பழசெல்லாம் கேட்டுட்டு வரேன். அப்பத்தான் வெளையாட்டு ஒழுங்கா இருக்கும்."

"நானும் வரட்டுமா?"

சுடர் அவரைச் சந்தேகத்தோடு அளந்தாள். ஆறு வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது அவளுக்கு.

"'ம்' சொல்லக் கூடாது."

"சரி."

"நான்தான் அம்மா. எனக்குத்தான் கேள்வி எல்லாம் தெரியும். நீங்க சுடரு."

"அப்பா யாரு?"

அவள் வாசலைப் பார்த்தாள். "அப்பா இன்னும் பட்டறைல இருந்து வரலை."

திருமூர்த்தி சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்தார். கல் சில்லென்று இருந்தது. மேலே இருந்த கரண்டி மாட்டும் கம்பி தலையில் இடித்தது. சுடர் கீழே இறங்கி அடுப்புப் பக்கம் நின்றுகொண்டாள்.

"கேளு சாமி," என்றாள். "எந்நேரமும் எண்ணிட்டே இருக்கும். கூப்பிட்டாத் திரும்பாது. ஆனா அது வேலையை முடிச்சாத்தான் ஊருக்கே தண்ணி வரும். அது என்ன?"

"அம்மா கேட்டதா இது?"

"கடைசியாக் கேட்டது. திங்கக்கிழமை."

திருமூர்த்தி கூடத்துச் சுவரைப் பார்த்தார். "மீட்டரு," என்றார்.

"ஏன் மீட்டரு?"

"எந்நேரமும் எண்ணுது. கூப்பிட்டாத் திரும்பாது."

"தண்ணி?"

"தண்ணி..." அவர் தொட்டிக் குழாயைப் பார்த்தார். "தண்ணிக்கும் மீட்டர் இருக்குதில்ல."

"தப்பு. ஆனா நல்லா முயற்சி பண்ணினே சாமி," என்றாள் சுடர், அவர் முழங்காலைத் தட்டி. "நாளைக்குச் சொல்லு."

மறுநாள் பட்டறையில் பதினோரு மணி வாக்கில், இருபத்துமூன்றாவது சுற்றில் திருமூர்த்தியின் கை நின்றது. பக்கத்தில் வேலை செய்கிற ரங்கராஜ் நிமிர்ந்து பார்த்தான். திருமூர்த்தி ஸ்லாட்டிலிருந்து கம்பியை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா பிரிக்கறீங்க?"

"எண்ணிக்கை தப்பிருச்சு."

ரங்கராஜ் பதினாலு வருடமாக அவர் பக்கத்தில் உட்காருகிறான். அவன் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். 

சாயங்காலம் திருமூர்த்தி விடையோடுதான் வீட்டுக்கு வந்தார். வரும் வழியெல்லாம் அதை வாய்க்குள் வைத்திருந்தார். சுடர் குக்கரை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மேடையில் ஏறினார், கம்பி இடிக்காமல் குனிந்து.

"எந்நேரமும் எண்ணிட்டே இருக்கும்..."

அவள் கேட்டு முடிக்கிற வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விடையைச் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துபோகும். பரிமளா கேட்ட கேள்விகளில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். தவிர மீட்டருக்கு இன்னும் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் சொல் குறைந்தது.

"பஸ் கண்டக்டர்," என்றார்.

"ஏன்?"

"டிக்கெட்டை எண்ணிட்டே இருப்பாரு. நம்ம ஸ்டாப்புன்னு கூப்பிட்டாத் திரும்பமாட்டாரு."

"தண்ணி எப்படி வரும்?"

"எறங்கிப் போயிப் பைப்பைத் தொறந்து உடுவாரு."

"கண்டக்டர் எதுக்குப் பைப்பைத் தொறக்கோணும்?"

"டிரைவருக்குத் தாகம்."

"டிரைவருக்குத்தானே தாகம்? ஊருக்கே எதுக்குத் தண்ணி?"

திருமூர்த்தி திணறினார். "அந்த டிரைவரு அந்த ஊர்க்காரரு. ஒருத்தனுக்கு மட்டும் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

சுடர் இதை ஆராய்ந்தாள். பஸ் அங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டாள். பயணிகள் திட்டமாட்டார்களா என்று கேட்டாள். திருமூர்த்தி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அந்த பஸ்ஸில் பிரசவத்துக்குப் போகிற ஒரு பெண் இருந்தாள், ஒரு ஆடும் இருந்தது. சாப்பிடும்போதும் பேசினார்கள். படுக்கப் போகும்போது அவருக்குத் தாடை வலித்தது.

"தப்பு," என்றாள் சுடர், தூக்கக் கலக்கத்தில். "நாளைக்குச் சொல்லு சாமி."

அதற்கப்புறம் தினம் ஒரு தப்பு விடை வேண்டியிருந்தது. சொன்னதையே சொல்லக் கூடாது என்பதால் அது எளிதான காரியமில்லை. சரியான விடை ஒன்றுதான், அது கையில் இருக்கிறது. தப்பு விடைக்குத்தான் அலைய வேண்டும். தேனீ, ரேஷன் கடைத் தராசு, கடிகாரம், எறும்பு என்று சுலபமானவை முதல் மாதத்திலேயே தீர்ந்துபோயின. பிறகு அவர் பட்டறையில் கேட்க ஆரம்பித்தார்.

"ரங்கராஜு, எந்நேரமும் எண்ணிட்டே இருக்கறது என்னென்ன சொல்லு."

"என்ற மாமியாருங்ணா. சோத்துல எத்தனை கை வச்சேன்னு எண்ணும்."

"கூப்பிட்டாத் திரும்புமா?"

"அதெங்கீங்க திரும்புது."

அன்றைக்கு ரங்கராஜின் மாமியார் தப்பு விடையானார். அவர் எப்படி ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் என்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. குழாயடிச் சண்டை ஒன்றும் அதில் வந்தது. தப்பு விடை தேடித் திருமூர்த்தி நூலகத்தில் சேர்ந்தார். வானிலை ஆபீசில் மழை அளக்கும் குடுவை, கடலின் ஏற்ற இறக்கம் குறிப்பவர், வலசை வரும் பறவைகளை எண்ணுகிறவர், அணைக்கட்டில் மதகு திறக்கும் உதவியாளர். கடைசியில் சொன்னது கிட்டத்தட்டச் சரியாக இருந்ததால் அன்றைக்குக் காரணம் சொல்லும்போது வேண்டுமென்றே உளறினார்.

இரண்டாவது ரீடிங்கும் சிவப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாவது ரீடிங்குக்கு முந்தின இரவு திருமூர்த்தி கூடத்தில் மீட்டருக்கு எதிரே உட்கார்ந்து அது என்ன நினைக்கிறது என்று பார்த்தார். அது ஒன்றும் நினைக்கவில்லை. காலையில் வசந்தமணி வந்தாள். சீட்டு வந்தது.

"மூவாயிரத்து நாலு," என்றாள்.

"நாலா?"

"நாலு போதுமுங்ணா. பச்சை." அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நீங்களா பேசினீங்க?"

"ம்," என்றார் திருமூர்த்தி. பிறகு நினைவு வந்து, "ஆமாங்க," என்றார்.

ஒரு வருடம் கழித்துத் தபாலில் ஒரு பெரிய கவர் வந்தது. உள்ளே ஒரு சான்றிதழ், ஒரு பெட்டி கலர் பென்சில், ஏழு வயதுக்கான சீருடைத் துணி ஒன்றரை மீட்டர். சான்றிதழில் அச்சடித்திருந்தது: 'மொழித் திறனில் இவ்வாண்டு மண்டலத்திலேயே மிகச் சிறந்த முன்னேற்றம் கண்ட குழந்தை: திருமூர்த்தி. தாய்: சுடர்க்கொடி.'

வசந்தமணி அடுத்த மாதம் வந்தபோது அதைக் காட்டினார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மிணி பேரை எடுத்தேனில்லீங்ணா. எடத்தைக் காலியா உடாம பாப்பாவை அங்க போட்டிருக்குது. கேள்வி கேக்கறது அவதானே? புதுசாக் கத்துக்கறது நீங்கதானே? அதும்பேர்ல தப்பு சொல்ல முடியாதுங்ணா."

"திருத்தலாமுங்களா?"

"மனு எழுதிக் குடுத்தா ஆபீசர் வருவாரு. வந்து பாப்பாவைத் தனியா உக்காரவச்சுப் பரீட்சை வைப்பாரு. வீட்டுல எப்படிப் பேசறீங்கன்னு கேப்பாரு." அவள் பேனாவை மூடினாள். "எதுக்குங்ணா?"

மனு எழுதவில்லை. சான்றிதழைப் பரிமளாவின் சான்றிதழுக்குக் கீழே அதே காந்தத்தில் ஒட்டினார். கலர் பென்சிலில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் பட்டறைக்கு எடுத்துப்போய், எந்தக் கம்பி எந்த வரிசை என்று குறிப்பதற்கு வைத்துக்கொண்டார். சீருடைத் துணி சுடருக்கு ஒரு பாவாடைக்குச் சரியாக இருந்தது.

"நீங்கதான் கொழந்தையாம்," என்றாள் சுடர், சான்றிதழை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு. "அப்ப நான் சொன்னாக் கேக்கோணும். கையில வார்னிஷ் இருக்குது. போயிக் கழுவுங்க."

போய்க் கழுவினார்.

சுடருக்கு எட்டு வயது முடிந்த மறுநாள் வசந்தமணி திருப்புளியோடு வந்தாள். நாலு திருகாணியையும் கழற்றி மீட்டரை ஒரு பையில் போட்டாள். சுவரில் நாலு ஓட்டையும், சுண்ணாம்பு மங்காத ஒரு சதுரமும் மிஞ்சின. கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்ளா? அந்தக் கேள்விக்கு விடைதான் என்னங்ணா? பாப்பா எங்கிட்டயும் கேட்டுது. வீட்டுல போயி என்ற வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுட்டேன். அவரு வக்கீல்ங்கறாரு."

"வக்கீலு நாங்க போன சித்திரையிலயே சொல்லியாச்சுங்க," என்றார் திருமூர்த்தி.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து மேடையில் ஏறி உட்கார்ந்தார். இப்போதெல்லாம் கம்பி எங்கே இடிக்கும் என்று தலைக்கே தெரியும். சுடர் அரிசி களைந்து குக்கரில் போட்டாள். ஆறு மாதமாக நிஜமாகவே சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூடியை முடுக்கிவிட்டுக் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"எந்நேரமும் எண்ணிட்டே இருக்கும். கூப்பிட்டாத் திரும்பாது. ஆனா அது வேலையை முடிச்சாத்தான் ஊருக்கே தண்ணி வரும். அது என்ன சாமி?"

திருமூர்த்தியிடம் அன்றைக்கு ஒன்றும் இல்லை. எழுநூற்றுப் பதினோரு தப்பு விடை சொல்லியிருந்தார். ஊருக்குப் போன நாள், காய்ச்சல் நாள் போகக் கணக்கு சரியாக இருந்தது. பட்டறையில் தேடினார், பஸ்ஸில் தேடினார். உலகத்தில் எண்ணுகிறவர்கள் எல்லாரும் தீர்ந்துபோயிருந்தார்கள்.

"தெரியலை கண்ணு. தப்பு விடைகூட இல்லை."

சுடர் கூடத்துச் சுவரில் இருந்த சதுரத்தைப் பார்த்தாள்.

"இனி எண்ண மாட்டாங்களாங்கப்பா?"

"மாட்டாங்க."

"என்னைத் தாட்டி உடவும் மாட்டாங்க?"

"மாட்டாங்க."

"அப்பச் சரி," என்றாள். "எனக்கு விடை தெரியுமுங்கப்பா."

குக்கர் சூடேறி உஸ்ஸென்று இரைய ஆரம்பித்தது.

"எப்ப இருந்து?"

"திங்கக்கிழமையே தெரியும். அம்மா கேட்டுச்சுல்ல, அப்பவே. சொல்றதுக்கு வாயெடுத்தேன். குக்கர் விசிலடிச்சிருச்சு. அம்மா, இரு சாமி, நாளைக்குச் சொல்லுன்னுச்சு." அவள் அடுப்பைக் கொஞ்சம் குறைத்தாள். "அப்புறம் செவ்வாக்கெழமை யாருமே எங்கிட்டக் கேக்கலை."

திருமூர்த்தி ஸ்லாட்டிலிருந்து கம்பியைப் பிரிப்பது போல அந்த இரண்டு வருடத்தையும் ஒவ்வொரு சாயங்காலமாகப் பின்னால் உருவிப் பார்த்தார். பஸ் கண்டக்டர் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது. அணைக்கட்டு உதவியாளர் சொன்னபோது எப்படி இருந்தது. அன்றைக்கு அவர் உளறியதும் அவள் பெருமூச்சு விட்டது நினைவுக்கு வந்தது. தூக்கம் வருகிறது என்று அப்போது நினைத்தார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க பேசறதை நிறுத்தியிருப்பீங்க."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவர் முயன்றார். முடியவில்லை.

மேடையிலிருந்து இறங்கினார். மகளை இரு கையாலும் தூக்கி மேடைமேல் உட்காரவைத்தார். கனமாக ஆகியிருந்தாள், கால் கீழ் அலமாரிக் கதவைத் தொட்டது. அவர் போய் அடுப்புப் பக்கம், அவள் இத்தனை நாள் நின்ற இடத்தில் நின்றுகொண்டார்.

"எந்நேரமும் எண்ணிட்டே இருக்கும்," என்று ஆரம்பித்தார்.  எண்ணிக்கை தப்பினவர் போல மறுபடி முதலிலிருந்து சொன்னார். "எந்நேரமும் எண்ணிட்டே இருக்கும். கூப்பிட்டாத் திரும்பாது. ஆனா அது வேலையை முடிச்சாத்தான் ஊருக்கே தண்ணி வரும். அது என்ன சாமி?"

"அப்பா," என்றாள் சுடர்.

குக்கர் விசிலடித்தது. அது ஓய்கிற வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"சரி," என்றார் திருமூர்த்தி. "ஏன்? காரணம் சொல்லோணும்ல."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாதம் குழைந்துபோகிற அளவுக்கு நேரம் ஆயிற்று. எத்தனை சொல் என்று அவர் எண்ணவில்லை.